ஏழு பத்தின் பச்சை

கினிகத்தேனையில் மண் சரிந்து
கொழும்பிலிருந்து வரவேண்டிய ரொஷானி மிஸ்
விடிய விடிய பஸ்ஸிலேயே இருந்தாள்.
போனில் சொன்னாள்:
"நீங்களே பார்த்து சைன் வைங்க."

பதினொரு வருடம்
அவள் கண்ணுக்குப் பக்கத்தில் நின்ற கண் என்னுடையது.
அவள் "ம்" என்றால் நானும் "ம்".
இன்றைக்கு ஒரே ஒரு "ம்"தான்,
அதுவும் நாற்பதாயிரம் தேயிலை உறைக்கு.

ஹட்டனில், மல்லியப்பு சந்தி தாண்டிய இறக்கத்தில் அச்சகம்.
விமலசேன இரவெல்லாம் மெஷினைச் சமாதானம் செய்து வைத்திருந்தான்.
மேசையில் இரண்டு தாள்:
ஒன்று கொழும்பு ஒப்புக்கொண்ட ப்ரூஃப்,
மற்றது இன்னும் மை உலராத நம்முடையது.
நடுவில் என் மூக்கு.

லூப்பை வைத்தேன்.
நான்கு நிறத்தின் சிலுவைக் குறிகளும்
ஒன்றின்மேல் ஒன்றாக, மயிரிழை பிசகாமல்.
புள்ளியில் பிசிறில்லை.
எழுத்து கூர்மை.
எல்லாம் சரி,
பச்சையைத் தவிர.

டியூப் லைட்டில் இரட்டைப் பிள்ளைகள்.
ஜன்னலோரம் கொண்டுபோனால்
ஒன்று மூத்தாள் பிள்ளை.
"மஞ்சள் கூடிப்போச்சு" என்றேன்.
குறைத்தான். இன்னொரு முப்பது தாள்.
"இப்ப நீலம் முந்துது."
இன்னொரு முப்பது.
அதற்குள் பனி ஏறி வந்து
ஜன்னலை மூடிக்கொண்டது.
வெளிச்சமே சாம்பலாகிவிட்டால்
எதை எதோடு ஒப்பிடுவது?

மெஷினை நிறுத்தச் சொன்னேன்.
விமலசேன கைக்கடிகாரத்தைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
நிற்கிற மெஷினுக்கும் சம்பளம் உண்டு.

தாள் அடுக்குகிற டிலுக்ஷன்
பாதையோரம் இறங்கிப் போய்
இரண்டு இலையும் ஓர் அரும்புமாய்க் கிள்ளி வந்து
தாளின்மேல் வைத்தான்.
"இதுதானே அக்கா படத்தில இருக்கு?
இதைப் பார்த்தே போடுவமே."

இதுதான் இருக்கிறது.
ஆனால் எந்த மலையிலும்
அந்தப் பச்சையில் ஒரு செடியை நான் கண்டதில்லை.
இதன் காம்பில் லேசாகச் சிவப்பு.
இலையோரம் பழுப்பு,
பூச்சி கடித்த ஒரு துளை.
"நான் கொழுந்துக்கு சைன் வைக்கிறதில்ல தம்பி,
தாளுக்குத்தான்."
சொன்ன பிறகு என்னவோ போலிருந்தது.
இந்நேரம் டிக்கோயாவில் என் தங்கச்சி நிரையில் நிற்பாள்.
அவள் கொழுந்தையும் ஒருத்தர் நிறுத்து
தண்ணி என்று இரண்டு கிலோ கழிப்பார்.

ஏழு மணி தாண்டி
எதிர்மலை தலையை நீட்டியது.
வெயில் இல்லை, வடிகட்டின வெளிச்சம்.
நிறம் பார்க்க அதுதான் வேண்டும்.
இரண்டு தாளையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்,
பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி
எல்லோரும் பின்னால்.
பார்த்தேன்.
கண்ணை மூடித் திறந்து இன்னொரு தரம் பார்த்தேன்.
ஈர மை காய்ந்தால் ஒரு படி இறங்கும்,
அதையும் கழித்துப் பார்த்தேன்.

தாளின் ஓரத்தில் எழுதினேன்:
நிறம் சரி. ஜன்னல் வெளிச்சம். 7.10.
பெ. கோகிலவர்த்தனி.
புள்ளி வைக்கவும் பனி திரும்பி வரவும்
சரியாக இருந்தது.

அந்தப் பச்சை இனித் துறைமுகம் போய், கப்பலேறி
நான் பார்க்காத ஒரு கடையில்
நான் பார்க்காத ஒரு விளக்கின் கீழ் நிற்கும்.
அங்கே அது என்ன நிறமோ.
வேண்டாம் என்றவை இந்த ஊரில் தங்கும்:
மஞ்சள் கூடினது
என் மகனின் கணக்குக் கொப்பிக்கு உறை,
நீலம் முந்தினது பஸ் ஸ்டாண்ட் வடைக்கடைக்கு,
கிலோ நூறு ரூபாய்.

சாயங்காலம் அங்கே இரண்டு உளுந்து வடை வாங்கினேன்.
எண்ணெய் ஊறின இடத்தில் மட்டும்
பச்சை அச்சாகச் சரி.
அண்ணாந்து பார்த்தேன்,
விட்டு விட்டு எரிகிற ஒரு டியூப் லைட்.
பேனா கைப்பையில்தான் இருந்தது.
வடை ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.